ஊருக்கு ஓர் ஆள் குறைவு

வேலை செய்கிறவனுக்கு முதுகு வலிக்கும். வேலை வாங்குகிறவனுக்கு எங்கே வலிக்கிறது என்று எந்த வைத்தியராலும் கண்டுபிடிக்க முடியாது. ஆள் வைத்து, கெடு வைத்து, அட்டவணை போட்டு, அந்த அட்டவணை கண்ணெதிரே சரிவதைப் பார்த்துக்கொண்டு நின்றவர்கள் மட்டும் மேலே படிக்கவும். மற்றவர்கள் புண்ணியம் செய்தவர்கள். போய்க் காபி சாப்பிடலாம்.

என் மகள் பெங்களூரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் அறுபது பேரை மேய்க்கிறாள். மாதம் ஒரு முறை மைசூர் விஜயநகரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து, சோபாவில் சாய்ந்துகொண்டு, "ப்ராஜெக்ட் ஒரு மாசம் தள்ளிப் போயிடுத்துப்பா. இப்போ வந்து கிளையண்ட் எல்லாத்தையும் மாத்தச் சொல்றான்" என்று புலம்புவாள். இதெல்லாம் புது வியாதி என்று அவள் நினைப்பு. சுதந்திரம் வந்த புதிதில், இதே மைசூரில், மின்விசிறிகூட இல்லாத ஒரு கூடத்தில் நான் இதே வியாதியில் விழுந்து எழுந்தவன் என்றால் சிரிக்கிறாள். அதனால்தான் எழுதி வைக்கிறேன்.

அப்போது நாடு முழுக்கத் தலை எண்ணி முடித்திருந்தார்கள். ஆளுக்கு ஒரு சீட்டு. அதில் ஊர் எண், வீட்டு எண், பெயர், வயசு, பிழைப்பு. ஊருக்கு ஒரு கட்டு. அந்தச் சீட்டுகளைப் பிழைப்பு வாரியாகப் பிரித்து, எண்ணி, ஊர் ஊராக மொத்தம் எழுதி அனுப்ப ஒரு தற்காலிக ஆபீஸ் போட்டார்கள். கணிதத்தில் பி.ஏ. முடித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த என்னைச் சூப்பர்வைசர் ஆக்கினார்கள். எனக்கு வயசு இருபத்துநாலு. எனக்குக் கீழே முப்பது பேர். ஒவ்வொருவர் முன்னாலும் எட்டு அறைகளாகத் தடுத்த ஒரு மரப்பெட்டி. சொந்த நிலத்தில் பயிர் செய்கிறவர் முதல் அறைக்குள், குத்தகைக்காரர் இரண்டாவதற்குள், கூலிக்காரர் மூன்றாவதற்குள் என்று ஊரே பெட்டிக்குள் குடியேறும்.

ஒரு கட்டுக்கு எத்தனை நிமிஷம்

எங்கள் அதிகாரி ராவ் கன்னடக்காரர். அவர் பேசியதையெல்லாம் தமிழில் தருகிறேன். 'பாருங்கள்' என்று பொருள்படும் 'நோடி'யை மட்டும் விட்டுவைக்கிறேன், அது இல்லாமல் அவர் வாக்கியமே தொடங்கியதில்லை. முதல் நாளே சொல்லிவிட்டார்: "நோடி சேஷாத்ரி, தசராவுக்கு வெளியூர் விருந்தாளிகள் தங்குகிற கூடம் இது. அதற்கு முன்னால், ஒரு ஆள் பிசகாமல் கணக்கு முடிந்தால் உங்கள் எல்லாரையும் நிரந்தர வேலைக்குச் சிபாரிசு செய்கிறேன். முடியவில்லை என்றால் சீட்டெல்லாம் பெங்களூருக்கு, நீங்களெல்லாம் வீட்டுக்கு." நிரந்தர வேலை என்ற வார்த்தையைக் கேட்டதும் கூடத்தில் முப்பது முதுகும் நிமிர்ந்தது. அரசாங்க வேலைக்கு அப்போது இருந்த மதிப்பு இப்போதைய பிள்ளைகளுக்குச் சொன்னால் புரியாது.

எத்தனை நாள் ஆகும் என்று கணக்குப் போட வேண்டும். இருப்பதிலேயே கையெழுத்து அழகாக இருந்த ஒரு கட்டை எடுத்தேன். காற்று வராமல் ஜன்னலைச் சாத்தினேன். கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு நானே பிரித்தேன். வந்த நிமிஷத்தைக் கட்டுகளின் எண்ணிக்கையால் பெருக்கி, முப்பதால் வகுத்து, தசராவுக்கு ஒரு மாதம் முன்னதாகவே முடிந்துவிடும் என்று பெரிய தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். மேல்கோட்டையிலிருந்து வந்து வேலைக்குச் சேர்ந்திருந்த அளசிங்கர் என்பவர், பையில் பஞ்சாங்கம் இல்லாமல் வெளியே காலெடுத்து வைக்காதவர், அந்தத் தாளை மேலிருந்து கீழ்வரை பொறுமையாகப் படித்தார். பிறகு சொன்னார்: "கணக்கு பேஷா இருக்கு ஸ்வாமி. ஆனா தசரா வரைக்கும் நம்மள்ல ஒருத்தருக்கும் தும்மல் வரப்படாது போலிருக்கே!"

பத்துப் பேர் வந்த வாரம்

தும்மல் வந்தது. காய்ச்சல் வந்தது. கல்யாணங்கள் வந்தன. சில கிராமத்து வாத்தியார்கள் எழுதிய சீட்டுகளைப் படிக்க ஜோசியர்தான் வேண்டியிருந்தது. ஒரு மாதத்தில் அட்டவணைக்குப் பத்து நாள் பின்னால் இருந்தோம். ராவிடம் போய் ஆள் போதவில்லை என்று மூக்கால் அழுதேன். நல்ல மனிதர், அடுத்த திங்கட்கிழமையே பத்துப் பேரை அனுப்பிவிட்டார்.

அந்த வாரம் வேலை பாதியாகக் குறைந்தது. புதிதாக வந்தவர்களுக்கு எந்த அறையில் எது என்று பழையவர்கள் சொல்லிக்கொடுக்க, அவர்கள் போட்ட தப்பைத் திருத்த, திருத்தியதை மறுபடி எண்ண. எங்கள் கூடத்திலேயே வேகமான கை பொன்னம்மாளுடையது. கொள்ளேகாலத்துப் பெண், பட்டு ஆலையில் வேலை பார்த்த கணவர் ஆறு மாதமாகப் படுக்கையில் கிடக்க, வீட்டைத் தாங்க வந்தவர். கன்னடம் சரளமாகப் படிப்பார், எழுதுவது தமிழில்தான். அவருக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு புது ஆளை உட்காரவைத்திருந்தேன். சனிக்கிழமை என்னிடம் வந்து சொன்னார்: "ஏனுங்க சார், இன்னும் ஒரு பத்துப் பேரை அனுப்பினாங்கன்னா, சீட்டை மூட்டை கட்டி வெச்சுப்போட்டு நாம பள்ளிக்கூடமே நடத்தலாமுங்க."

ஒன்பதாவது அறை

பாதி தாலுகா முடிந்திருந்தபோது மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. பால் மாடு வைத்துப் பிழைப்பவர்களைத் தனியாகப் பிரித்துக் காட்ட வேண்டுமாம். முடிந்துபோன ஊர்களையும் அவிழ்த்து மாட்டுக்காரர்களைத் தேட வேண்டும். எல்லாப் பெட்டியிலும் ஒன்பதாவதாக ஓர் அறை வேண்டும். சுற்றறிக்கையை எழுதினவர் ஒரு மாட்டையும் நேரில் பார்த்திருக்க மாட்டார் என்று நான் கத்தினேன்.

பெட்டிகளைச் செய்திருந்த சேலத்து ஆசாரி மறுபடி வந்தார். நாற்பது பெட்டியையும் வரிசையாக வைத்து, முணுமுணுக்காமல் பெட்டிக்கு ஒரு அறை கூட்டினார். கிளம்பும்போது, உளியைத் துணியில் சுற்றிக்கொண்டே, என்னை ஓரமாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "பெரியவங்க மனசு அடுத்தாப்புல எப்ப மாறும்னு இப்பவே சொல்லிட்டீங்கன்னா, ரெண்டு பலகை சேத்தே அறுத்து வெச்சுடுவேன் சாமி."

கரும்பலகை

வேலையை முடுக்க எனக்கு ஒரு யோசனை தோன்றியது. சுவரில் ஒரு கரும்பலகை மாட்டி, ஊர்ப் பெயருக்கு நேரே இரண்டு கட்டம் போட்டேன்: 'ஆரம்பித்தவர்', 'முடித்தவர்'. கட்டின் கயிற்றை அவிழ்த்தவர் பெயர் முதல் கட்டத்தில் ஏறும். யார் பெயர் அதிகம் ஏறுகிறதோ அவரை எல்லார் எதிரிலும் பாராட்டுவேன். இன்னொரு சட்டமும் போட்டேன். சீட்டு தொலைந்தால் என் தலை போகும் என்பதால், சாயந்திரம் ஐந்தரைக்குக் கட்டெல்லாம் அலமாரிக்குத் திரும்ப வேண்டும். காலையில் யார் கைக்கு எது வருகிறதோ அதைச் செய்ய வேண்டும்.

இரண்டே வாரத்தில் முதல் கட்டம் முழுக்க வெள்ளை எழுத்து. பொன்னம்மாள் பெயர்தான் அதிகம். எனக்குத் தலைகால் புரியவில்லை. ராவை அழைத்து வந்து பலகையைக் காட்டினேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டாவது கட்டத்தைத்தான் பார்த்தார். அது பாதிக்கு மேல் காலி. "நோடி சேஷாத்ரி, எல்லா ரயிலும் கிளம்பிவிட்டது என்கிறீர்கள். ஸ்டேஷனுக்கு வந்து சேர்ந்தது எங்கே?"

மொத்தம் சரி, ஊர் தப்பு

ஒருவழியாக எல்லா ஊரும் வந்து சேர்ந்தபோது தசராவுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. கிராமங்களிலிருந்து வந்த பழைய மொத்தத்தோடு எங்கள் மொத்தத்தைச் சரிபார்க்கத் தொடங்கினேன். முதல் ஊரில் ஓர் ஆள் குறைந்தது. இரண்டாவது ஊரிலும் ஓர் ஆள். மூன்றாவதில் நாலு பேர் அதிகம். பிறகு வரிசையாக, ஊருக்கு ஓர் ஆள் குறைந்துகொண்டே போனது. நடுநடுவே ஓர் ஊர் மட்டும் நாலைந்து பேரைக் கூடுதலாக வைத்துக்கொண்டு நின்றது. வேடிக்கை என்னவென்றால், தாலுகா மொத்தம் ஒரு ஆள் பிசகாமல் சரியாக இருந்தது.

ராவ் கேட்டது ஊர்க் கணக்கு. எல்லாவற்றையும் மறுபடி எண்ண ஒரு மாதம் ஆகும். நாற்பது பேரின் வேலையும் கையைவிட்டுப் போகிறது. பலகையைப் பார்த்தேன். குறைந்த ஊர்களில் பெரும்பாலானவற்றுக்கு நேரே 'ஆரம்பித்தவர்' என்ற கட்டத்தில் பொன்னம்மாள் பெயர். யோசிக்கவே இல்லை. நாற்பது பேர் எதிரில், எண்ணத் தெரியாதவர்களுக்கு இங்கே என்ன வேலை, உங்கள் வேகத்தால் எல்லார் பிழைப்பும் போகப்போகிறது என்று கத்தினேன். அவர் எழுந்து நின்று கேட்டார். கையிலிருந்த சீட்டுகளை அடுக்கி மேஜைமேல் வைத்துவிட்டு, "எனக்கு எண்ணத் தெரியுமுங்க சார்" என்றார்.

முதல் வீட்டுக்காரர்கள்

மறுநாள் காலை அளசிங்கர் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். "அந்தப் பொண்ணை வெய்யாதீங்கோ ஸ்வாமி. குத்தம் அடியேனோடது" என்று தொடங்கினார். விஷயம் இதுதான். ராகு காலத்தில் புதுக் காரியம் தொடங்கக் கூடாது. ஏற்கெனவே தொடங்கியதைத் தொடரலாம், தோஷமில்லை. வாரத்தில் நாலு நாள் ஆபீஸ் நேரத்திலேயே ராகு காலம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. வெள்ளிக்கிழமை வந்தால் கதவு திறக்கிற பத்தரைக்கே வந்துவிடுகிறது. அந்த ஒன்றரை மணி நேரம் சும்மா இருக்க முடியுமா? அளசிங்கர்தான் வழி சொன்னார். ராகு காலத்துக்கு முன்னாலேயே, வெள்ளிக்கிழமைக்கு வியாழக்கிழமை சாயந்திரமே, கையில் கிடைக்கிற கட்டுகளின் கயிற்றை அவிழ்த்து, மேலே இருக்கிற ஒரே ஒரு சீட்டை எடுத்துத் தன் பெட்டியின் முதல் அறையில் போட்டுவிட வேண்டியது. ஆரம்பித்தாயிற்று! கூடமே இதைப் பிடித்துக்கொண்டது. பலகையில் பெயரும் ஏறுகிறது, பாராட்டும் கிடைக்கிறது, யாருக்குக் கசக்கும்?

பிறகு என் சட்டம் வேலையைக் காட்டியிருக்கிறது. ஐந்தரைக்குக் கட்டு அலமாரிக்குப் போகும். காலையில் வேறொருவர் கைக்கு வரும். முதல் சீட்டு மட்டும் பழைய பெட்டியிலேயே தங்கிவிடும். அந்தப் பெட்டியில் அடுத்து எந்த ஊர் பிரிக்கப்பட்டதோ அந்த ஊரோடு சேர்த்து எண்ணப்பட்டுவிடும். அளசிங்கர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "ராகு காலத்திலே தொடங்கினா காரியம் கெடும்னு போட்டிருக்கு ஸ்வாமி. தொடங்காமலே தொடங்கினதா எழுதினாலும் கெடும்னு பஞ்சாங்கத்திலே போடலையே!"

அவரைத் திட்ட வாயெடுத்தேன், பலகை கண்ணில் பட்டது. ஆரம்பித்தவனைப் பாராட்டுகிற கட்டத்தைப் போட்டவன் நான். கட்டையும் ஆளையும் தினமும் பிரித்து வைத்தவனும் நான். பொன்னம்மாள் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று தலையைப் பிடித்துக்கொண்டிருந்தபோது அவரே எழுந்து வந்தார். "சார், மேலே இருந்த சீட்டைத்தானுங்க எடுத்தோம். அப்படின்னா ஓடிப்போனவங்க எல்லாம் அந்தந்த ஊர்ல முதல் வீட்டு ஆளுங்களாத்தான் இருக்கோணும். எல்லாத்தையும் எதுக்குங்க எண்ணோணும்? முடிஞ்ச கட்டுகள்ல முதல் அறைச் சீட்டை மட்டும் பிரிச்சு, ஒண்ணாம் நம்பர் வீட்டுச் சீட்டைப் பொறுக்கினாப் போதுமுங்க. அதுலயே ஊர் நம்பர் இருக்குதுல்லங்க."

கணிதப் பட்டதாரி நான். எனக்கு இது தோன்றவில்லை. ஓர் ஊரில் ஒன்றாம் நம்பர் வீட்டுக்காரர் பெரும்பாலும் பட்டேல், அதாவது ஊர்த் தலைவர், சொந்த நிலக்காரர். அத்தனை ஊர்ப் பட்டேல்களும் எங்கள் புண்ணியத்தில் அடுத்தவர் ஊரில் போய் உட்கார்ந்திருந்தார்கள். நான் எழுந்து நின்று, நேற்று எத்தனை பேர் எதிரில் கத்தினேனோ அத்தனை பேர் எதிரிலும், என் பேச்சு தப்பு, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். பொன்னம்மாள் அதற்குள் ஒரு கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தார். "அதை விடுங்க சார், நேரமாகுதுங்க."

திங்கட்கிழமை, ஏழேமுக்கால்

பத்தரைக்கு வந்து ஐந்தரைக்குப் போனால் இது முடியாது. காலை ஏழரைக்கே வந்துவிடுகிறோம் என்று அவர்களாகவே சொன்னார்கள், நான் கேட்கவில்லை. திங்கட்கிழமை சொன்ன நேரத்துக்கு எல்லாரும் வந்துவிட்டார்கள். நான் அலமாரியைத் திறந்தேன். ஒருவர் கையும் நீளவில்லை. அப்புறம்தான் எனக்கும் உறைத்தது: திங்கட்கிழமை ஏழரை முதல் ஒன்பது வரை ராகு காலம். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது என்று ஊரெல்லாம் பெருமையடித்தவன் நான். நாற்பது பேர் பிழைப்பு தொங்கிக்கொண்டிருந்த அந்தக் காலையில் என் கையும் நீளவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஏழேமுக்கால் மணிக்கு அளசிங்கர் எழுந்தார். பையிலிருந்த பஞ்சாங்கத்தை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஜன்னல் ஓரத்தில் வைத்தார். நேராக அலமாரிக்குப் போய், மேல் கட்டை எடுத்து, கயிற்றை அவிழ்த்தார். நாற்பது வருஷ நம்பிக்கையை ஒரு மனிதர் மற்றவர்களுக்காக அவிழ்ப்பதை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. இன்றும் அவருக்கு மானசீகமாக ஒரு கும்பிடு போடாமல் எனக்குத் திங்கட்கிழமை விடிவதில்லை. அவர் எங்களைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "ராகுவை அடியேன் பாத்துக்கறேன். நீங்க பட்டேல்களைப் பாருங்கோ!"

மூன்று கடிதங்கள்

பட்டேல்கள் ஊர் திரும்பினார்கள். தசராவுக்கு மூன்று நாள் முன்னால் கடைசி ஊரும் ஓர் ஆள் பிசகாமல் நின்றது. ஆனால் நடந்ததை மறைக்க எனக்கு மனசு வரவில்லை. கணக்கு எப்படிப் பிசகியது, எப்படிச் சரியானது என்று எழுதிக் கொடுத்தாக வேண்டும். பிசகு என்று இருந்தால் அதற்கு ஒரு பெயரும் இருக்க வேண்டும். அந்தப் பெயர் சிபாரிசில் இருக்காது. கட்டம் போட்டது நான், அலமாரிச் சட்டமும் என்னுடையது, பொறுப்பு என்னுடையது, மற்றவர்களைச் சிபாரிசு செய்யுங்கள் என்று ஒரு பக்கம் எழுதி ராவிடம் கொடுத்தேன். வீட்டில் அப்பா என் வேலையை நம்பித் தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்.

ராவ் அதைப் படித்துவிட்டு மேஜை இழுப்பறையைத் திறந்து இன்னும் இரண்டு கடிதங்களை எடுத்தார். ஒன்று, குற்றம் தன்னுடையது என்று அளசிங்கர் நல்ல கன்னடத்தில் எழுதியது. இன்னொன்றை என் பக்கம் தள்ளினார். "இது தமிழ். எனக்குப் படிக்க வராது. நீங்களே படியுங்கள், உரக்க."

படித்தேன். "ஐயா அவர்களுக்குப் பொன்னம்மாள் வணக்கத்துடன் எழுதியது. அதிகமான கட்டுகளில் முதல் சீட்டை எடுத்தது நான்தான். பலகையில் என் பெயரே இருக்கிறது. அளசிங்கர் ஐயா நல்லதை நினைத்துத்தான் சொன்னார். சூப்பர்வைசர் சார் கோபக்காரர், ஆனாலும் எல்லார் எதிரிலும் மன்னிப்புக் கேட்டவர். அவர்கள் இரண்டு பேர் வேலைக்கும் கெடுதல் வராமல் என் பெயரை மட்டும் எடுத்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்." கடைசி வரியை இரண்டு முறை படித்தேன். மாதக்கணக்காகக் கணவர் படுக்கையில் கிடக்கும் பெண் எழுதிய கடிதம் அது. அதை ராவுக்குக் கன்னடத்தில் சொல்லி முடிக்க எனக்கு வெகுநேரம் ஆயிற்று.

அவர் மூன்று கடிதத்தையும் ஒன்றாக மடித்தார். நாற்பது பெயரோடு என் பெயரும் இருந்த சிபாரிசுப் பட்டியலை எடுத்து, ஒரு பெயரையும் அடிக்காமல் கையெழுத்துப் போட்டார். "நோடி சேஷாத்ரி, சர்வீஸ் முழுக்க ஒரு தப்புக்கு ஓர் ஆளைத் தேடியே காலம் தள்ளியிருக்கிறேன். இங்கே ஒரு தப்புக்கு மூன்று பேர் வந்து நிற்கிறீர்கள். இந்தக் கணக்கைச் சரிபார்க்க எனக்குத் தெம்பில்லை, கூடத்தைக் காலி பண்ணுங்கள்!"

அன்றிலிருந்து இன்றுவரை யார் என்னிடம் வந்து "வேலை ஆரம்பித்தாகிவிட்டது" என்று சொன்னாலும், "சந்தோஷம், முதல் வீட்டுப் பட்டேல் எங்கே?" என்றுதான் கேட்கத் தோன்றுகிறது.